வரிசை அக்காவும் இருநூற்றுப் பதின்மூன்று பேரும்

மங்கையர்க்கரசி மாவுக் கையோடு போனைத் தொட்டதால்தான் அத்தனையும் நடந்தது என்று முல்லை குடியிருப்பு பி பிளாக்கில் இன்றைக்கும் சொல்வார்கள். கை சுத்தமாக இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று வாதாடுகிற இரண்டொருவரும் அங்கே உண்டு, ஆனால் அவர்கள் மழை பெய்கிறது என்றாலே ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிறவர்கள், அவர்களை விட்டுவிடலாம்.

மதுரைக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிக் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் இருந்தாள் மங்கை. இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுப்பது அவள் தொழில். இருபது வருஷமாக மாவு வாங்கியவர்கள், வாங்கி நிறுத்தியவர்கள், வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரை வாங்காதவர்கள், கேஸ் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோரும் அவள் போனுக்குள் குடியிருந்தார்கள். யாருடைய பெயரையும் அழிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஒருவர் நம்பர் மாற்றினால் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'புது' என்று போட்டு இன்னொன்று சேர்ப்பாள். அதுவும் மாறினால் 'புதுப் புது'. பிளம்பர் செல்லையா ஒரே ஆள்தான், ஆனால் மங்கையின் போனில் செல்லையா சைக்கிள், செல்லையா பைக், செல்லையா காண்டிராக்டர் என்று மூன்று பேராக இருந்தார். பெற்ற மகள் பவா ஹாஸ்டல், பவா பெங்களூர், பவா மாப்பிள்ளை வீடு என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற கணவர் சோணைமுத்துவை, அவசரத்துக்கு முதல் பெயராக வரட்டும் என்று 'அஅ அவர்' என்று வைத்திருந்தாள், அது போக 'அவர் டிப்போ' ஒன்று, 'அவர் வார்டு' ஒன்று. கொரோனா இரண்டாவது அலையில் சோணைமுத்து பதினேழு நாள் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டின் நம்பர் அது.

அந்த மே மாதத்தில் சேர்த்த இன்னொரு பெயரும் போனில் இருந்தது. 'வரிசை அக்கா'. இந்தக் கதை அவரைப் பற்றியது.

சோணைமுத்துவுக்கு, அப்போது ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத அந்த ஊசி மருந்து உடனே வேண்டும் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். மருந்து கொடுத்த இடத்தில் வரிசை தெருவைத் தாண்டிப் போய் வளைந்து நின்றது. உச்சி வெயில், எல்லோர் முகத்திலும் கண்ணுக்குக் கீழே துணி, யார் யாரென்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உண்டான டோக்கன் மங்கைக்கு முன்னால் நின்றவரோடு முடிந்துவிட்டது. மஞ்சள் சுங்குடிச் சேலை கட்டிய அந்த அம்மாள் டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மங்கை டோக்கன் இல்லாமலே நின்றாள், வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாததால் நின்றாள். அப்போது அந்த அம்மாளுக்கு ஒரு போன் வந்தது. அவர் கேட்டார், போனை இடுப்பில் செருகினார், திரும்பினார், டோக்கனை மங்கையின் கையில் வைத்தார்.

"என் தம்பிக்கு இனிமே வேண்டாம்மா. நீ வாங்கிட்டுப் போ. டோக்கன் என் நம்பர்லதான் பதிஞ்சிருக்கு, பேர் கேக்க மாட்டாக, நம்பர்தான் கேப்பாக. எழுதிக்க."

அழுகையை விழுங்கிய குரல், துணிக்குள்ளிருந்து பாதிதான் கேட்டது. மங்கை பத்து எண்களை அடித்து 'வரிசை அக்கா' என்று சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது மஞ்சள் சேலை தெருமுனையில் போய்க்கொண்டிருந்தது. மருந்து கிடைத்தது. சோணைமுத்து பிழைத்து வந்தார், பழையபடி நாலு இட்லி என்று சொல்லி ஏழு சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த நம்பரை மங்கை நாலு வருஷமாகக் கூப்பிடவே இல்லை. நன்றி இல்லாமல் இல்லை, நெஞ்சு முட்ட இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் தம்பி போய்விட்டார், என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், ரொம்ப நன்றி என்றா? நாளைக்குக் கூப்பிடலாம், வருஷம் திரும்பட்டும் கூப்பிடலாம் என்று தள்ளித் தள்ளி, இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பாரே என்கிற புதுப் பயமும் சேர்ந்துகொண்டது. கணவரிடம்கூட, வரிசையில் நின்று வாங்கினேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

இதற்கிடையில் ஒருநாள் மங்கை மூன்றாவது தெரு ராஜியின் பழைய நம்பரைக் கூப்பிட்டு, அது இப்போது வேறு யாரிடமோ இருப்பது தெரியாமல், மூட்டு வலியைப் பற்றி கால்மணி நேரம் பேசிவிட்டாள். எதிர்முனையில் இருந்த மனிதர் பொறுமையாகக் கேட்டு, தைலம் பெயர்கூடச் சொல்லியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்ட மகள் பவா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, ஒரே ஆளை மூணு மூணு தடவை வச்சிருக்கீங்க. ரெட்டையா இருக்கறத எல்லாம் சேர்த்துருங்க. போனே கேக்கும், ஆமான்னு அழுத்துனாப் போதும்."

அது ஐப்பசி மாதம், அடைமழை. மாவை வழித்துக்கொண்டிருந்தபோது போன் கேட்டது. 'இரட்டைப் பெயர்கள் இருநூற்றுப் பதினான்கு. சேர்க்கவா? ஏழு நாளில் சேராதவை நிலையாக நீக்கப்படும்.' மங்கை இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையின் மாவு விரலால் 'எல்லாம்' என்பதை அழுத்தினாள். விரல் வழுக்கியது, மாவு போனின் ஓரத்து இடுக்கில் இறங்கியது, திரை வெளிறி, மறுபடி தெளிந்தது.

கால்மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் செல்லையா நின்றார், அரும்பு மீசையும் ஒட்டிய வயிறுமாக, தோளில் சாக்குப் பையும் அதில் திருகு குறடுமாக. கீழே அவருடைய பழைய சைக்கிள் நின்றது.

"குழாய் ஒழுகுதுன்னீங்களேக்கா," என்றார்.

குழாய் ஒழுகியது பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆனால் அன்றைக்கும் ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, அதனால் மங்கை உள்ளே வரச் சொன்னாள். அவர் நூலைச் சுற்றி அதை அடைத்துக்கொண்டிருக்கும்போதே பைக் செல்லையா வந்தார், அவருக்குப் பின்னால் ஹாஸ்டல் பவா இரட்டைச் சடையோடு மாடியேறி வந்து, "அம்மா பசிக்குது" என்றாள், அவளுக்குப் பின்னால் மூன்றாவது தெரு ராஜி எவர்சில்வர் தூக்கோடு வந்தாள், மங்கை தொழில் தொடங்கிய அன்றைக்கு முதல் ஆளாக வந்து மாவு வாங்கிய அதே ராஜி, அதே தூக்கு. ஒன்பது மணிக்குள் படிக்கட்டு நிரம்பி, வாசல் நிரம்பி, குடை பிடித்தவர்களும் பிடிக்காதவர்களுமாகத் தெருமுனை வரை நின்றார்கள். ஒவ்வொருவரும் மங்கை எந்த நாளில் தங்கள் நம்பரைச் சேர்த்தாளோ அந்த நாளின் சட்டையில், அந்த நாளின் தலைமுடியில், அந்த நாளின் கவலையோடு வந்திருந்தார்கள்.

குடியிருப்பு மக்கள் மூக்கில் விரல் வைத்தது பத்து நிமிஷம். அதற்குள் அவரவர் வேலை வந்துவிட்டது. சங்கச் செயலாளர் தெய்வேந்திரன், தபால் ஆபீசில் இருந்தவர், எதையும் எழுதி ஒட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். 'போனிலிருந்து வந்திருப்பவர்கள் படிக்கட்டின் இடது பக்கம் மட்டும் ஏறவும், மோட்டார் போடும் நேரத்தில் குளிக்கக் கூடாது' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு ஒட்டினார். எதிர் டீக்கடையில் பால் இரண்டு மடங்கு வாங்கினார்கள். மினி பஸ் கண்டக்டர், ஒரே ஆள் இரண்டாக ஏறினால் இரண்டு டிக்கெட்டா ஒன்றா என்று டிரைவரோடு சண்டை போட்டு, மடியில் உட்கார்ந்தால் ஒன்று என்று முடிவுக்கு வந்தார். தெருவில் முப்பது வருஷம் பாக்கியிருந்த விஷயமெல்லாம் அந்த வாரத்தில் நடந்தது, பள்ளத்துக்கு மண் விழுந்தது, விளக்குக் கம்பம் நிமிர்ந்தது, ஆள் பலம் அப்படி.

சேர்வது எப்படி என்று முதலில் கண்டுபிடித்தவர் காண்டிராக்டர் செல்லையா. பெரிய காரில் வந்து இறங்கி, தன்னைவிட இருபது கிலோ குறைவாக நின்ற சைக்கிள் செல்லையாவைப் பார்த்தார். அவன் ஒழுகல் அடைத்த நேர்த்தியைத் தடவிப் பார்த்தார். "இப்ப எனக்கு இது வராதுடா," என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "நீ அன்னைக்கு மழையில மிதிச்சு வந்தியே, அதுலதான்டா நான் ஆளானேன். நல்லா இருடா." அவன் கையைப் பிடித்தார். பிடித்த கையோடு இரண்டு பேரும் ஒருவரானார்கள், சத்தம் இல்லை, புகை இல்லை, ஒரு செல்லையா குறைந்தார், அவ்வளவுதான். காண்டிராக்டர் கை நிறைய கிரீஸ் இருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

அப்படியானால் முறை அதுதான் என்று ஊர் புரிந்துகொண்டது. உரியவர் வரவேண்டும், தன் பழைய ஆளிடம் பட்ட நன்றியைச் சொல்ல வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும். சிலருக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது, சிலர் நாள் முழுக்கப் பேசினார்கள், சிலர் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து கறி சோறு போட்டுச் சேர்ந்தார்கள். பவா பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்து, ஹாஸ்டலில் தினமும் அழுதுகொண்டு படித்த தன்னை மடியில் கிடத்தித் தலைவாரிவிட்டாள், பெங்களூரில் முதல் வேலைக்குப் போன தன்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

சோணைமுத்துவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். டிப்போ சோணைமுத்து வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்ததும் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்தார், சேர்ந்தார், சிக்கல் இல்லை. வார்டு சோணைமுத்து மூன்றாம் நாள்தான் வந்தார், படியேற அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு, எலும்பெல்லாம் வெளியே. சோணைமுத்து எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ரசம் சோற்றைப் பிசைந்து தானே ஊட்டினார்.

"இம்புட்டுதான் இருந்தேனா நானு?" என்று மங்கையைக் கேட்டார்.

"இதவிடக் கம்மியா இருந்தீங்க. இது கொஞ்சம் தேறுன நாளு."

சாப்பாடு முடிந்ததும் அந்த மெலிந்த கையைப் பிடித்தார், சேர்ந்தார். சாயந்திரம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார். "அந்த மருந்து யாருக்கும் கெடைக்கலன்னாங்களே. ஒனக்கு எப்புடிக் கெடைச்சுச்சு?"

மங்கை சொன்னாள். முழுவதையும் சொன்னாள். சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே கையைக் காட்டினாள். "அந்தம்மாதாங்க அது."

முதல் நாளே வந்துவிட்டார் வரிசை அக்கா. எல்லோரும் மாடியேறி வர, அவர் மட்டும் தரைத்தளத்தில், கீழ் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். அதே மஞ்சள் சுங்குடி, அதே முகத்துணி. தெய்வேந்திரன் நாற்காலி கொண்டுவந்து போட்டதற்கு, "உக்காந்தா எடம் போயிரும்ங்க" என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தார். அவர் தலைக்கு மேல் கூரை இருந்தது, வெளியே ஐப்பசி மழை ஊற்றியது, ஆனால் அவர் நின்ற இடத்தில் நாலு முழத்துக்கு மே மாதத்து உச்சி வெயில் அடித்தது. சிமெண்டுத் தரை சுட்டது. அவர் கழுத்தெல்லாம் வியர்த்தது.

மழைக்காலத்தில் அப்படி ஒரு வெயில் கிடைத்தால் பெண்கள் விடுவார்களா? முதலில் ஒருத்தி பள்ளிக்கூடக் காலுறை இரண்டைத் தயங்கித் தயங்கி ஓரத்தில் வைத்தாள். மறுநாள் தலையணை உறை வந்தது, அதற்கடுத்த நாள் வடாம் வந்தது, தெய்வேந்திரனே தன் நனைந்த குடையை விரித்து வைத்தார். யாரும் அவமரியாதையாகச் செய்யவில்லை. வைக்கும்போது "கொஞ்சம் வச்சுக்கறேம்மா" என்று கேட்டுத்தான் வைத்தார்கள், எடுக்கும்போது கும்பிட்டுத்தான் எடுத்தார்கள், போகிற போக்கில் ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டுப் போனார்கள். மங்கைக்குத்தான் ஆகவில்லை. அது எந்த நாளின் வெயில் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வடாமையெல்லாம் வாரி முறத்தில் போட்டுக்கொண்டு போய் உரியவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த அம்மாளிடம் அவள் பேசாமலும் இல்லை. முதல் நாளே ஓடிவந்து அவர் எதிரில் நின்று, நாலு வருஷமாகத் தொண்டையில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். "அக்கா, மருந்து கெடைச்சிருச்சுக்கா. அவர் பொழைச்சிட்டாருக்கா. உங்களாலதான்."

"கெடைக்கும்மா, கெடைக்கும்," என்றார் அவர். "முன்னாடி போ. வரிசை நகருது பாரு."

எத்தனை முறை சொன்னாலும் அதே பதில்தான். டோக்கனைக் கொடுத்ததற்கு அடுத்த நிமிஷத்தில் நின்றுகொண்டிருக்கிறவர் அவர், மருந்து கிடைத்ததா என்பது அவருக்கு இன்னும் நடக்கவே இல்லை. நன்றியைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் வேறு எங்கோ, நாலு வயது கூடி, இருந்தார். அவரை மங்கை ஒருத்திதான் கூப்பிட முடியும். அவளோ போனை எடுப்பாள், அந்தப் பெயர் வரைக்கும் போவாள், வைத்துவிடுவாள்.

கீழ் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அங்கே லில்லிபுஷ்பம் என்று ஒரு அம்மாள் தனியாக இருந்தார். குடிவந்து இரண்டு வருஷம்தான், அதற்குள் மங்கையோடு இருபது வருஷத்துக்குப் போதுமான சண்டை போட்டுவிட்டார். காலையில் கிரைண்டர் ஓடினால் துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துவார். சோணைமுத்து ஸ்கூட்டரைத் தன் வாசலை மறித்துக் கோணலாக நிறுத்துவதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போது ஸ்கூட்டரையே துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். கிரைண்டரைக் குடியிருப்பை விட்டே எடுக்க வேண்டும் என்று சங்கத்தில் மனுக் கொடுத்திருந்தார். சங்கத்துப் பட்டியலைப் பார்த்து அவர் நம்பரை மங்கை 'கீழ் வீடு கிரைண்டர் சண்டை' என்று பதிந்து வைத்ததோடு சரி, ஒருமுறையும் கூப்பிட்டதில்லை, சண்டைக்கு நேரில் வருவதுதான் லில்லிபுஷ்பத்தின் வழக்கம். அந்த வாரம் மட்டும் அவர் கதவு திறக்கவே இல்லை. கூரையிலும் குத்து விழவில்லை. மேல் வீட்டுக் கூத்துப் பிடிக்காமல் உள்ளேயே அடைந்து கிடக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஏழாம் நாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதின்மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். படிக்கட்டு காலியாக, ஈரமாக இருந்தது. போனில், 'ஒன்று உள்ளது. இன்று நீக்கப்படும்' என்று வந்தது. மங்கை படியிறங்கி வந்தாள். வெயில் வட்டம் காலையில் இருந்ததைவிடச் சிறுத்திருந்தது. மஞ்சள் சேலையின் ஓரம் வெளுத்து, பின்னால் இருந்த கதவின் பச்சைச் சாயம் அதன் வழியாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திட்டினாலும் திட்டட்டும், ஏன் இத்தனை நாள் என்று கேட்டாலும் கேட்கட்டும் என்று வெயிலுக்குள் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசை அக்காவைக் கூப்பிட்டாள்.

கதவுக்குப் பின்னால் போன் அடித்தது.

மங்கை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தினாள், அதுவும் நின்றது. மறுபடி கூப்பிட்டாள், அதுவும் மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"யாரு?"

"அக்கா... அக்கா, அன்னைக்கு வரிசையில... டோக்கன் குடுத்தீங்களே. நான்தான்க்கா அது."

தாழ்ப்பாள் விலகியது. லில்லிபுஷ்பம் கதவைத் திறந்து நின்றார், தலையெல்லாம் நரைத்து, ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகத்தோடு. முன்னால் நின்ற மஞ்சள் சேலையை அவர் பார்க்கவில்லை. மங்கையையே பார்த்தார்.

"நீயா? மேல் வீடு... நீயா அது?"

"நான்தான்க்கா. மொகந்தெரியலக்கா அன்னைக்கு. நாலு வருஷமா உங்களத்தான் தேடிக்கிட்டு... இல்லக்கா, பொய் சொல்லக் கூடாது, தேடல. நம்பர் இருந்துச்சு. கூப்பிடத் தைரியம் இல்ல. என்ன மன்னிச்சிருங்க. உங்க தம்பிக்குன்னு வச்சிருந்தத வாங்கிட்டு வந்து நான் நல்லா இருந்தேன்க்கா, அதான்..."

"இவ மொத நாளே இங்க வந்து நின்னுட்டா," என்றார் லில்லிபுஷ்பம், இன்னும் முன்னால் பார்க்காமல். "ஜன்னல் வழியாப் பாத்தேன். சேலையப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. கதவச் சாத்திட்டேன். அந்த நிமிஷத்துக்கு நான் திரும்பிப் போறதே இல்லம்மா. என் தம்பி எட்வின் ரூம்ல மிசின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஆக்ஸிஜன் மிசினு, பகலும் ராவும். உன் கிரைண்டர் அதே சத்தம்தான் போடும்."

மங்கை தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் துடைப்பக் கட்டை எதற்காகக் குத்தியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றார் லில்லிபுஷ்பம். குரல் சட்டென்று தணிந்து, அன்றைக்குத் துணிக்குள்ளிருந்து வந்த குரலாக ஆகியிருந்தது. "நாலு வருஷமா இத ஒண்ணத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். யாரையும் கேக்க முடியல. நீ யாருக்கு அந்த மருந்த வாங்குனியோ, அந்த ஆள் பொழைச்சாரா?"

அப்போது பார்த்து வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சோணைமுத்து மழையில் நனைந்து, மாவுத் தூக்குகளை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வந்தார், வழக்கம்போல லில்லிபுஷ்பத்தின் வாசலை மறித்து ஸ்கூட்டரைக் கோணலாக நிறுத்தினார், ஸ்டாண்டைக் காலால் தட்டினார், தொப்பையை எக்கிக்கொண்டு படியேறி வந்து, கதவு திறந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இவர்தான்க்கா," என்றாள் மங்கை.

லில்லிபுஷ்பம் அவரைப் பார்த்தார். தொப்பையைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நனைந்த தலையைப் பார்த்தார், இரண்டு கையிலும் இருந்த தூக்கைப் பார்த்தார், அவர் தோளுக்கு மேலாக ஸ்கூட்டரைப் பார்த்தார். அவர் வாய் கோணியது.

"இந்த ஆளுக்கா? இந்த ஸ்கூட்டரக் கோணலா நிறுத்துற மனுசனுக்கா நான் டோக்கன் குடுத்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, அதற்குள்ளிருந்தே அழுகை வந்தது, நாலு வருஷத்து அழுகை, நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சோணைமுத்து தூக்குகளைக் கீழே வைத்தார். அவருக்குப் பேசத் தெரியாது, டிப்போவில் முப்பது வருஷம் எஞ்சினோடு பேசிய மனிதர். இரண்டு கையையும் கூப்பினார், கூப்பிய கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார், உயர்த்தியபடியே நின்றார்.

"எறக்குங்கய்யா கைய," என்றார் லில்லிபுஷ்பம். "நல்லா இருங்க. நீங்க நல்லா இருக்கறது தெரியாமத்தான் நான் இப்புடிக் கெடந்தேன்."

பிறகுதான் முன்னால் நின்றவரைப் பார்த்தார். மஞ்சள் சேலை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. லில்லிபுஷ்பம் வெயிலுக்குள் இறங்கினார், சுட்ட தரையில் வெறுங்காலோடு நின்றார், அந்த முகத்துணியைக் காதிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"பொழைச்சுட்டாரும்மா," என்று தனக்கே சொன்னார். "நீ குடுத்தது வீண் போகல. போதும் நின்னது. வா, உள்ள வா."

வரிசை அக்கா தலையைத் திருப்பி, முதல் முறையாக வரிசையை விட்டு விலகினார். கையைக் கொடுத்தார். வெயில் நீங்கியது. மழையின் சாரல் படிக்கட்டு வரை வந்து, ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்த தரையை நனைத்தது, மண் வாசனை எழும்பியது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன காலுறை ஒன்று ஓரத்தில் நனைந்தது. மங்கை கையிலிருந்த போன், எந்தப் பெயரை வைக்க என்று கேட்டது. அவள் நீட்டிக் காட்ட, லில்லிபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "கிரைண்டர் சண்டையா? இருக்கட்டும் இருக்கட்டும்," என்று சொல்லி மறுபடி சிரித்தார். மங்கை இரண்டையும் அழித்துவிட்டு, 'அஅ அக்கா' என்று போட்டாள். அவசரத்துக்கு முதலில் வருகிற இடத்தில் இப்போது அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அதன் பிறகு நடந்ததில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. சோணைமுத்து மறுநாளே பழைய டிப்போவுக்குப் போய், தேய்ந்துபோன பஸ் டயர் ஒன்றை வாங்கிவந்து, அறுத்து, நாலு மடிப்பாகக் கிரைண்டருக்கு அடியில் வைத்தார். சத்தம் பாதியானது. மீதிப் பாதியை லில்லிபுஷ்பம் தாங்கிக்கொண்டார், அது ஓடுகிற நேரத்தில் மேலே வந்து மங்கையோடு உட்கார்ந்து உளுந்து களைந்தால் அது வேறு சத்தமாகத்தான் கேட்கிறது என்றார். எட்வினின் நினைவு நாளில் அந்த பிளாக்கில் எட்டு வீட்டிலும் அவர் பெயரைச் சொல்லி இட்லி வைக்கிறார்கள், முதல் ஈடு எடுக்கிறவர் சோணைமுத்து. குடியிருப்பில் இப்போது யாரும் யாருடைய நம்பரையும் அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டில் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

ஸ்கூட்டர் நேராக நிற்கிறது. சோணைமுத்து நிறுத்திவிட்டு, இறங்கி, நாலடி பின்னால் வந்து பார்த்து, மறுபடி போய் ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் மாடியேறுகிறார்.